கம்பியில் தொங்கிய அட்டைகள்

ஆரணியில் நான் மாட்டு டாக்டராக இருந்த வருஷங்களில் மாட்டைத் தொட்ட நேரத்தைவிடக் காகிதத்தைத் தொட்ட நேரம்தான் அதிகம். இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இத்தனை காலம் கழித்தும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். பெண் டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு முதல் வாரம் இரண்டு கர்ப்பிணிகள் வந்தார்கள். வெளியே கட்டியிருந்த எருமையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். மருத்துவமனை என்று பலகை மாட்டியிருந்ததே தவிர, உள்ளே இருந்தது ஒரு அறை, ஒரு வராந்தா, மாட்டை நிறுத்திக் கட்ட நான்கு கம்பங்கள், ஊசி மருந்து வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ். கம்பவுண்டர் இடம் காலி. நான் இருந்த வரைக்கும் அது நிரம்பவே இல்லை. எனக்கு இருந்த ஒரே ஆள் ஓர் உதவியாளர், சொந்த சைக்கிள் வைத்திருந்த நல்ல மனிதர். மற்ற இடத்தையெல்லாம் பதிவேடுகள் அடைத்துக்கொண்டிருந்தன.

பதினேழு பதிவேடுகள். ஒரு மாடு பேதி என்று வந்தால் சிகிச்சைப் பதிவேட்டில் மாட்டை எழுத வேண்டும், மருந்துப் பதிவேட்டில் மருந்தை எழுத வேண்டும், தினசரிப் பதிவேட்டில் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும், அது எந்த ஊர் மாடு என்று இன்னொன்றில் எழுத வேண்டும். ஒரே பேதிக்கு நான்கு இடத்தில் கையெழுத்து. சினை ஊசிக்குத் தனி, தடுப்பூசிக்குத் தனி, நாய்க்கடிக்குத் தனி. மாதக் கடைசியில் இவை எல்லாவற்றையும் ஊர்வாரியாக, நோய்வாரியாக, வயதுவாரியாக எண்ணி வேலூருக்கு மாத அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் மாடுகள் வெயிலில் நிற்கும். மாட்டைக் கொண்டுவந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படித்த பெண் ஏதோ பெரிய வேலையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டிருப்பேன். கூட்டல் போடவா ஐந்து வருஷம் படித்தேன்?

இதில் என்னைத் தூங்கவிடாதது நாய்க்கடிப் பதிவேடுதான். வெறிநாய் கடித்த மாட்டுக்கு அப்போது பதினாலு நாள் தொடர்ந்து ஊசி போட வேண்டும். நடுவில் நின்றால் போட்டதும் வீண். கடித்த காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஆனால் விஷம் உள்ளே நரம்போடு ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து மாட்டுக்கு வெறி பிடிக்கும். பிடித்தால் பிழைக்காது. அதன் எச்சில் பட்ட மனிதருக்கும் அதே கதிதான். ஆகவே பதினாலு நாளும் மாடு வருகிறதா என்று பார்ப்பதைவிட முக்கியமான வேலை அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை. ஆனால் இன்று எந்த மாடு வரவில்லை என்று கண்டுபிடிக்க, அந்தத் தடிப் புத்தகத்தில் பழைய பக்கம் புதுப் பக்கமாகப் புரட்ட வேண்டும். மாலையில் அதற்குத் தெம்பு இருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கல்யாண வீட்டுச் சோற்றைத் தின்று வயிறு உப்பிப்போன ஓர் ஆட்டைப் பார்க்க நெசவாளர் தெரு ஒன்றுக்குப் போனேன். ஆட்டுக்காரர் பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் அட்டை குத்துகிறவர். என் வயதுதான் இருக்கும். தடித்த அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு, அட்டைகளைக் கயிற்றில் கோத்து, தறியின் தலையில் மாட்டுவார்கள். கரையில் மாங்காய் வர வேண்டுமானால் எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். ஆட்டுக்கு மருந்து ஊட்டிவிட்டு, அது ஏப்பம் விடுகிற வரைக்கும் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளைக் கம்பியில் கோத்துப் பிரிப்பதைப் பார்த்தது சட்டென்று ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தில் படம் வரைந்துகொண்டு அவரிடம் போனேன். மாட்டுக்கு ஒரு அட்டை. மேல் ஓரத்தில் முப்பத்தோரு ஓட்டைகள், மாதத்தின் தேதிகளுக்கு. கீழ் ஓரத்தில் ஊருக்கு, நோய்க்கு, மருந்துக்கு என்று வேறு ஓட்டைகள். நடுவில் மாட்டுக்காரர் பெயரும் விவரமும் எழுத இடம். மாடு வந்து ஊசி போட்டுக்கொண்டால், அன்றைய தேதியின் ஓட்டையை விளிம்பு வரைக்கும் கத்தரித்துவிட வேண்டும். மாலையில் நாய்க்கடி அட்டைகளை ஒன்றாக அடுக்கி, அன்றைய தேதி ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்துத் தூக்கினால், வந்த மாடுகளின் அட்டை கீழே விழுந்துவிடும். வராத மாடுகளின் அட்டை கம்பியில் தொங்கும்.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகளை இன்னும் நெருக்கிப் போடலாம் என்றார். எல்லா அட்டைக்கும் ஒரே மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் தலைகீழாகச் சொருகிய அட்டை உடனே கண்ணில் படும் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வாரத்தில் அறுநூறு அட்டை குத்திக் கொடுத்தார். கம்பிக்கு எங்கள் உதவியாளர் தன் சைக்கிள் சக்கரத்துப் பழைய கம்பி ஒன்றை நிமிர்த்திக் கொண்டுவந்தார்.

எங்கள் கம்ப்யூட்டர் அவ்வளவுதான். அட்டை, கத்தரிக்கோல், சைக்கிள் கம்பி. மூன்று நாள் மாத அறிக்கை ஒரு காலை நேரத்தில் முடிந்தது. கம்பியை நுழை, தூக்கு, விழுந்ததை எண்ணு. தினமும் மதியம் தேசூர்ப் பக்கமும் வந்தவாசி சாலை ஊர்களுக்கும் போய்வர எனக்கு நேரம் கிடைத்தது. மாலையில் ஐந்து நிமிஷம் நாய்க்கடி அட்டைகளைத் தூக்கிப் பார்ப்போம். ஏதாவது தொங்கினால் உதவியாளர் மறுநாள் விடியற்காலையில் சைக்கிளில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். ஏன் வரவில்லை, இன்று மாட்டைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டு வருவார். கொஞ்ச நாளில் ஊர்களில் இது பழகிவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் ஊசியை நடுவில் விட்டால் ஆள் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம். மறைப்பானேன்?

பதிவேடுகளில் பாதியை எழுதாமல் விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டைகளைப் பயன்படுத்த அனுமதி கேட்டு வேலூருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அரசாங்க வேலையில் அதைவிட அசட்டுத்தனம் கிடையாது என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. வெளியே ஐந்தாறு மாடுகள் கட்டியிருந்தன. அவற்றை அவர் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து பதிவேடுகளைக் கேட்டார். சிகிச்சைப் பதிவேட்டின் கடைசி வரி ஆறு மாதத்துக்கு முந்தையது. நான் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தேன். ஏதாவது ஒரு ஊரும் ஒரு நோயும் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். கம்பியை நுழைத்தேன், அட்டைகள் விழுந்தன, எடுத்துக் கொடுத்தேன். அவர் இன்னொரு ஊரைச் சொன்னார். அதுவும் விழுந்தது. மனிதர் முட்டாள் இல்லை. புரிந்துகொண்டார், முகத்தில் ஒரு வெளிச்சம் கூட வந்தது. அதனால்தான் அவரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா பக்க எண் எங்கம்மா?"

பதிவேடு என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இருக்க வேண்டும். இதில் இத்தனை பக்கங்கள் உள்ளன என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருக்க வேண்டும். அட்டையை யார் வேண்டுமானாலும் உருவிவிடலாம், தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். அட்டையை உருவினால் மாடு செத்துப்போகும் சார், அதைவிடப் பெரிய தணிக்கை எது என்று கேட்டேன். அவர் பேனாவைத் திறந்தார். ஆறு மாதத்துப் பதிவுகளையும் ஒரு மாதத்துக்குள் பதிவேடுகளில் ஏற்ற வேண்டும், ஒரு கட்டம் கூடக் காலியாக இருக்கக் கூடாது, பதினேழு பதிவேடுகளையும் மறுநாளே வேலூருக்குக் கொண்டுவந்து பக்க எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு எழுதினார். பிறகு அட்டைகளையெல்லாம் ஒரு துணியில் கட்டி ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் எதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? உத்தேசமாக எழுதுங்கள் என்றார். உத்தேசமாக! எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் என்ன மருந்து என்று கத்தரித்து வைத்த அறுநூறு அட்டை ஆவணம் இல்லை. அதே மாடுகளை நானும் உதவியாளரும் யோசித்து யோசித்து இட்டுக்கட்டி எழுதப்போவது ஆவணம். பக்க எண் போட்ட பொய்க்கு முன்னால் பக்க எண் இல்லாத உண்மை நிற்க முடியவில்லை. கெஞ்சிக் கேட்டு, அப்போது ஊசி போட்டுக்கொண்டிருந்த நான்கு மாடுகளின் விவரத்தை மட்டும் நாய்க்கடிப் பதிவேட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

அந்த நான்கில் ஒன்று வந்தவாசி சாலையில் ஒரு ஊரைச் சேர்ந்த அம்மாவின் கறவை மாடு. நிலம் கிடையாது. ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில் பட்டு நூலைச் சிறு குழலில் தார் சுற்றுகிற வேலை. ஓடுகிற இழை விரலை அறுத்துக்கொண்டே இருக்கும், அவர் விரல்களில் எப்போதும் மெல்லிய வெட்டுகள் இருக்கும். புருஷன் இல்லை. பிள்ளைகளுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சொத்து அந்த மாடு. அதன் பின்னங்காலில் நாய் கடித்திருந்தது. ஒரு நாள் தவறாமல் இரண்டு மைல் நடத்திக் கொண்டுவந்தார். நான்கு ஊசி முடிந்திருந்தது.

மறுநாள் பதினேழு பதிவேடுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறினேன். ஃபிரிட்ஜ் சாவி என் கைப்பையில் இருந்தது. மருந்துச் சாவி டாக்டர் கையைவிட்டுப் போகக் கூடாது என்பதும் ஒரு விதிதான். அன்று பகல் முழுக்க ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் ஒரு குமாஸ்தா வந்து பக்கங்களை எண்ணினார். பொழுது சாய்ந்துதான் ஆரணிக்குத் திரும்பினேன். நாய்க்கடிப் பதிவேட்டில் அன்றைய கட்டம் நான்கு மாட்டுக்கும் காலி. காலியாக விடக் கூடாது. ஊசி போடவில்லை என்று எழுதினால் ஏன் போடவில்லை என்று கேள்வி வரும். 'வரவில்லை' என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான்கு கட்டத்திலும் 'வரவில்லை' என்று எழுதினேன்.

அடுத்த நாள் மூன்று மாடுகள் வந்தன. தார் சுற்றுகிற அம்மாவின் மாடு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த ஒரு மாதம் நாங்கள் இருந்த நிலையைச் சொன்னால் பேஜார் என்ற சொல் போதாது. சைக்கிளில் ஊர் ஊராகப் போக வேண்டிய உதவியாளர் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் செத்துப்போன ஆடுகளுக்குப் பேதி மருந்து கொடுத்ததாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாலையும் எல்லாப் பதிவேட்டிலும் காலிக் கட்டங்களை நிரப்புவேன். அந்த மாட்டின் வரிசையில் ஐந்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் பத்துத் தடவை 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன், என் கையால். கை எழுதியது, கண் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் அதிகாரி வந்து புரட்டிப் பார்த்தார். நாய்க்கடிப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் கீழே 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நானும் போட்டேன்.

அடுத்து வந்த புரட்டாசியில் ஒரு காலை, வந்தவாசி சாலை ஊர்க்காரர் ஒருவர் வந்தார். மாட்டின் தொண்டையில் பனங்கொட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை, எச்சில் ஒழுகுகிறது, வந்து எடுத்துவிட வேண்டும் என்றார். யாருடைய மாடு என்று கேட்டேன். அவர் சொன்னதும் எழுந்து நின்றவள் நின்றபடியே இருந்தேன். அப்போதுதான் அந்தப் பத்துக் கட்டங்களும் கண்ணுக்குத் தெரிந்தன.

நானும் உதவியாளரும் போனபோது மாடு கயிற்றை அறுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. குரல் கம்மிப்போய் அடித்தொண்டையில் கத்தியது. தொண்டையில் கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அம்மா அதன் அருகிலேயே நின்றிருந்தார். மாடு தீனி எடுக்காவிட்டால் நாக்கில் உப்பும் புளியும் வைத்துத் தேய்ப்பது அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்.

"நேத்தியிலேர்ந்து மூணு வாட்டி நாக்கத் தேச்சேங்க," என்றார். "கைய உள்ள வுட்டுகூடப் பாத்தேன். ஒண்ணும் ஆப்புடல."

கையைக் காட்டச் சொன்னேன். பத்து விரலிலும் பட்டு இழை அறுத்த வெட்டுகள்.

அவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் நானே சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். யாரும் மாட்டை நெருங்கக் கூடாது என்று சொல்லி உதவியாளரைக் காவல் வைத்துவிட்டு, அந்த அம்மாவை அப்படியே பஸ்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒருவர், மாட்டுக்கு வெறிதான் என்பதற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் அந்த மாட்டு டாக்டர், நேரில் நிற்கிறேன் என்றேன். இருந்தாலும் எழுத்தில் வேண்டும் என்றார். அவர் மேஜையிலிருந்தே ஒரு தாளை உருவி எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே அனுப்பினார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி அன்றே ஆரம்பித்தது. மாடு மறுநாள் செத்தது. குழி வெட்டி ஆழமாகப் புதைத்தோம்.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது. அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் மாவட்ட அலுவலகத்துக்கு நிஜமான கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. குளிர்சாதன அறையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். எல்லாருடைய வேலையையும் அது குறைக்கப்போகிறது என்று கூட்டத்தில் பேசினார்கள், நாங்கள் கைதட்டினோம். மறுமாதம் எல்லா மருத்துவமனைக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கான படிவங்கள் வந்து இறங்கின. பழைய பதினேழு பதிவேடுகளும் அப்படியே இருக்கட்டும், இதைப் பதினெட்டாவதாக எழுதி அனுப்புங்கள் என்று ஒரு சுற்றறிக்கை. அந்த இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. சைக்கிள் கம்பியும் நல்ல இயந்திரம்தான்.

அந்த அம்மாவின் பதினாலு நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நாளும் அவர் தவறவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்தும் ஆரணிக் கடைத்தெருவில் பார்த்துப் பேசியிருக்கிறேன். ஆனால் மாடு போனது போனதுதான். பிள்ளைகளுக்குப் பால் இல்லை, தார் சுற்றப் போகாத பதினாலு நாளுக்குக் கூலியும் இல்லை.

கடைசி ஊசி முடிந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸுக்காக இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குள் அத்தனை நாளாக ஒரு கோபம் இருந்தது, அதில் ஒரு பங்கு அவர்மேலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாலு நாள் ஒழுங்காக வந்தவர் ஏன் நின்றுவிட்டார் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அஞ்சாம் நாளும் மாட்ட ஓட்டிகினு வந்தேங்க," என்றார். "நீங்கதான் இல்ல. வேலூருக்குப் போய்ட்டாங்கன்னு உங்க ஆளு சொன்னாரு."

மறுநாள் தறிக்காரர் வீட்டில் கல்யாணச் சேலைக்கு அவசரமாகத் தார் கேட்டதாகவும், முந்தின நாள் அரை நாளை விட்டுவிட்டதால் மறுபடியும் விடுப்புக் கேட்க வாய் வரவில்லை என்றும் சொன்னார். அதற்குள் காலில் இருந்த புண்ணும் ஆறிவிட்டதாம். அப்படியும் மனசு கேட்காமல் இரண்டு மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"எதிர் வூட்டு மாட்டுக்கு ஒரு நாள் தவறினதுக்கே சைக்கிள்ல ஆளு வந்தாரே. என் வூட்டுக்கு யாரும் வரல. சரி, நாலு ஊசியே போதும்போல, அதான் டாக்டரம்மா ஆள அனுப்பலன்னு நெனச்சிகினேன்."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏங்க, நான் வரலன்றது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது, பதிவேட்டை யாரும் அவருக்குக் காட்டப்போவதில்லை.

"தெரியும்," என்றேன். "தினமும் எழுதி வச்சேன்."

"எழுதி வச்சிட்டு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார்.